தோட்டா எந்தக் கட்டத்தில் கோணுகிறது?

கேள்வி: டெக்சாஸில் வசிக்கிறேன். .308 வின்செஸ்டர் ரைபிள் தோட்டாக்களை நானே நிரப்பி, இலக்குப் பயிற்சிக்குப் பயன்படுத்துகிறேன். ரன்-அவுட் கேஜில் (தோட்டாவின் கோணலை அளக்கும் கருவி) வைத்து உருட்டினால் பாதித் தோட்டாக்களில் முள் 5, 6 தவ் ஆடுகிறது. நிமிர்த்தும் கருவி வாங்கலாமா?

பதில்: இப்போது வேண்டாம். கோணல் எந்தக் கட்டத்தில் நுழைகிறது என்பதை முதலில் பிடியுங்கள். ஒரு தவ் என்பது அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு, அதாவது 0.0254 மி.மீ. முள் காட்டுவது மொத்த ஆட்டம். 6 தவ் ஆடினால் அந்த இடத்தில் குண்டின் (தோட்டாவின் முனையிலிருந்து பறந்து போகும் பகுதி) மையம் விலகியிருப்பது 3 தவ்தான்.

கூட்டின் (தோட்டாவின் பித்தளை உறை) அடிப்பக்கத்தை ஒரு தாங்கியிலும், தோளுக்கு (கூடு கழுத்தாகக் குறுகும் சரிவு) சற்றுக் கீழே இன்னொரு தாங்கியிலும் வையுங்கள். கேஜ் முனை கூட்டின் வாயிலிருந்து 6 மி.மீ. முன்னால் குண்டைத் தொடட்டும். எப்போதும் அதே இடம்தான். நுனியை நோக்கி நகர்ந்தால் அதே சாய்வு பெரிதாகத் தெரியும்.

சுட்ட கூடுகள் ஐந்துக்கு எண் போடுங்கள். கழுத்தை அப்படியே அளந்து, சைஸிங் டையில் (சுட்டு விரிந்த கூட்டை மறுபடி இறுக்கும் அச்சு) போட்டபின் மறுபடி அளந்து, பிரைமரும் (தீமூட்டும் சிறு மூடி) வெடிமருந்தும் இல்லாமல் குண்டை மட்டும் பொருத்தி மூன்றாவது முறை அளந்து குறித்துக்கொள்ளுங்கள்.

சுட்டபின் 1 தவ், சைஸிங்குக்குப் பின் 4 தவ் என்று வந்தால், பெரும்பாலும் குற்றவாளி டைக்குள் இருந்து கழுத்தை உள்ளிருந்து விரிக்கும் எக்ஸ்பாண்டர் உருண்டை. டை கழுத்தைத் தேவைக்கு மேல் இறுக்குகிறது. கூடு கீழே இறங்கும்போது உருண்டை உலர்ந்த கழுத்துக்குள் பிடித்து இழுத்து, அதை ஒரு பக்கம் சாய்த்துவிடுகிறது. உருண்டையைக் கழற்றிவிட்டு ஒரு கூட்டை சைஸ் செய்து பாருங்கள். ஆட்டம் குறைந்தால் சந்தேகமே இல்லை. கழுத்தின் உள்ளே மைக்கா தூளை நைலான் பிரஷால் தடவுவது மலிவான வழி. உருண்டை இல்லாமல் சைஸ் செய்து, தனி மாண்ட்ரலால் (விரிக்கும் தண்டு) மேலிருந்து அழுத்தி விரிப்பது அதைவிட நல்லது. புஷிங் டை (கழுத்தை இறுக்கும் வளையத்தை, அதாவது புஷிங்கை, மாற்றக்கூடிய டை) வாங்கினால், குண்டு பொருத்திய கழுத்தின் வெளிவிட்டத்தைவிட 2 தவ் சிறிய புஷிங் எடுங்கள்.

சைஸிங் வரை நேராக இருந்து குண்டு வைத்தபின் கோணினால், குண்டைக் கூட்டுக்குள் தள்ளும் சீட்டிங் தண்டைப் பாருங்கள். குண்டின் மூக்கில் மார்க்கர் மை பூசிப் பொருத்துங்கள். மை நுனியில் மட்டும் தேய்ந்திருந்தால், தண்டின் குழி அந்தக் குண்டுக்குப் பொருந்தவில்லை. நுனியிலிருந்து தள்ளி முழு வளையமாகத் தேய வேண்டும். வாயின் உள்விளிம்பைச் சீவுவதும் உதவும். தட்டை அடிக் குண்டுகளுக்கு இது கட்டாயம்.

கழுத்துச் சுவரையும் உருண்டை முனை கொண்ட மைக்ரோமீட்டரால் நான்கு இடங்களில் அளந்துவிடுங்கள். தடிமன் 2 தவ்வுக்கு மேல் மாறினால் எந்த டையும் அதைச் சரிசெய்யாது. கழுத்தைக் கடைந்து சமன்செய்யலாம், அல்லது அந்தக் கூடுகளை ஒதுக்கலாம்.

நிமிர்த்தும் கருவி ஓரிரண்டு தோட்டாவுக்குச் சரி. பித்தளை கொஞ்சம் திரும்பி வளையும், குண்டின் மேல் கழுத்தின் பிடியும் சமமில்லாமல் போகும்.

கேள்வி: எவ்வளவு ஆட்டம் வரை ஏற்கலாம்?

பதில்: இலக்குப் போட்டிக்கு 2 தவ், வேட்டைக்கு 4. உங்கள் ரைபிளுக்கு இது பொருட்டா என்று தெரிய, நேரான 10 தோட்டாக்களையும் கோணலான 10 தோட்டாக்களையும் ஒரே நாளில் மாற்றி மாற்றி, தனித்தனி அட்டைகளில் சுட்டுப் பாருங்கள். இரண்டு அட்டைகளிலும் துளைகள் ஒரே அளவுக்குச் சிதறியிருந்தால், வேறு பிழையைத் தேடுங்கள்.