கால்சியம் ஊற்றியும் தக்காளியின் அடி கறுக்கிறதே?

கேள்வி: நிழல்வலைக் கூடாரத்தில் 180 தக்காளிச் செடிகளை டச்சு பக்கெட்டில் (மண்ணில்லாமல் உரக் கரைசலில் செடி வளர்க்கும் வாளி) வைத்திருக்கிறேன். 1000 லிட்டர் தொட்டி, வடிகிற கரைசல் திரும்பத் தொட்டிக்கே வந்துவிடும். போர்வெல் தண்ணீர். மூன்றாவது கொத்திலிருந்து காய்களின் அடி கறுத்து, அமுங்கி, தோல்போல ஆகிவிடுகிறது. கிட் விற்ற கடைக்காரர் கால்சியம் குறைவு என்று ஒரு திரவம் கொடுத்தார். மூன்று வாரமாக இலையில் தெளிக்கிறேன். தொட்டியிலும் கால்சியம் நைட்ரேட்டைக் கூட்டினேன். பலனில்லை. ஈ.சி. (கரைசலில் உள்ள உப்பின் அளவைக் காட்டும் எண்) காலையில் 2.8, மாலையில் 3.6. தொட்டி குறைந்தால் அதே அளவு உரம் கலந்த கரைசலை ஊற்றி நிரப்புகிறேன். பி.எச். (அமில, காரத் தன்மையைக் காட்டும் எண்) தினமும் 7-ஐத் தாண்டுவதால் பாஸ்பாரிக் அமிலம் விட்டு 5.8-க்கு இறக்குகிறேன். தொட்டி அடியில் வெள்ளையாக ஏதோ படிகிறது, கழுவிவிடுகிறேன். கால்சியம் நைட்ரேட்டை இன்னும் எவ்வளவு கூட்டலாம்?

பதில்: ஒரு கிராம்கூடக் கூட்டாதீர்கள்.

காயின் அடியில் கால்சியம் குறைவு என்று கடைக்காரர் சொன்னது சரி. ஆனால் காயில் குறைவு என்பதால் தொட்டியிலும் குறைவு என்று ஆகிவிடாது. கால்சியம் வேரிலிருந்து தண்ணீரோடுதான் ஏறும். வெயிலில் தண்ணீரை இழுப்பது இலைகள், காய் அல்ல. இலைக்குப் போய்ச் சேர்ந்த கால்சியம் அங்கிருந்து காய்க்கு இறங்காது. மூன்று வாரமாக இலையில் தெளித்ததற்குப் பலன் இல்லாதது அதனால்தான். கறுத்த காய் இனித் தேறாது, பறித்துப் போட்டுவிடுங்கள்.

உடனே செய்ய வேண்டியது ஒன்றுதான். வெயில் நேரத்தில் செடி உரத்தைவிடத் தண்ணீரை அதிகம் குடிக்கிறது. நீங்களோ குறைந்த இடத்தை உரக் கரைசலாலேயே நிரப்புகிறீர்கள். உப்பு ஏற ஏற வேருக்குத் தண்ணீர் இழுப்பதே கஷ்டம், அப்புறம் கால்சியம் எதில் ஏறும்? நாளைக்கே பாதித் தொட்டியை வடித்து, வெறும் தண்ணீர் விட்டு ஈ.சி.யை 2.2-ஐ ஒட்டிக் கொண்டுவாருங்கள். பகலில் குறைகிற அளவுக்குப் பி.எச். சரிசெய்த வெறும் தண்ணீரையே ஊற்றுங்கள். பிறக்கப்போகும் பிஞ்சுகளில்தான் மாற்றம் தெரியும், இரண்டு மூன்று வாரம் பொறுக்க வேண்டும்.

சரி, உங்கள் கேள்விக்கு இது போதும். ஆனால் நீங்கள் போகிற போக்கில் சொன்ன அந்த வெள்ளைப் படிவுதான் எனக்கு உறுத்துகிறது. அது வேறொன்றுமில்லை, நீங்கள் வாங்கிப் போட்ட கால்சியம்தான். பி.எச். 7-க்கு மேல் ஏறும்போது கால்சியமும் பாஸ்பேட்டும் சேர்ந்து கரையாமல் அடியில் உட்காரும். நீங்கள் தினமும் விடும் அமிலத்தில் பாஸ்பேட் தாராளமாக இருக்கிறது. ஒரு கையால் கால்சியம் போடுகிறீர்கள், மறு கையால் அதைப் படிய வைத்துக் கழுவி ஊற்றுகிறீர்கள்.

பி.எச். ஏன் தினமும் ஏறுகிறது என்றுதான் முதலில் கேட்டிருக்க வேண்டும். செடி நைட்ரேட்டை எடுக்கும்போது கொஞ்சம் ஏறும், அது இயல்பு. இவ்வளவு பிடிவாதமாக ஏறுகிறதென்றால் தண்ணீரில் பைகார்பனேட், அதாவது அமிலத்தை முறிக்கும் உப்பு, நிறைய இருக்கிறது. ஒவ்வொரு முறை நிரப்பும்போதும் அது புதிதாக உள்ளே வருகிறது. இதை பி.எச். மீட்டர் காட்டாது. 7.2 காட்டும் இரண்டு தண்ணீரில் ஒன்றுக்குச் சொட்டு அமிலம் போதும், இன்னொன்று பாட்டில் பாட்டிலாகக் குடிக்கும். ஆய்வகத்தில் கொடுத்துப் பார்த்தால்தான் தெரியும்.

நான் இதில் கொஞ்சம் வெறியன்தான், மறைக்கவில்லை. தண்ணீர்ப் பரிசோதனை அறிக்கை இல்லாமல் ஹைட்ரோபோனிக்ஸில், அதாவது இந்த மண்ணில்லா விவசாயத்தில், விதை ஊன்றவே கூடாது என்பேன். மண்ணில் தப்புச் செய்தால் மண் கொஞ்சம் தாங்கிக்கொள்ளும். இங்கே தாங்குவதற்கு என்ன இருக்கிறது? செடிக்குத் தண்ணீர்தான் நிலம். அந்தத் தண்ணீர் என்ன என்று ஒரு வார்த்தை கேட்காமல் எல்லாருக்கும் ஒரே ஏ, பி என்ற இரண்டு உரப் பாட்டிலை விற்கிறவர் விவசாய ஆலோசகர் அல்ல, பாட்டில் வியாபாரி. செடிக்கு நோவு வந்தால் மூன்றாவது பாட்டில் கொடுப்பார். உங்களுக்குக் கொடுத்தாரே, அதுதான். எலுமிச்சை, வினிகர் விட்டால் போதும் என்பவர்கள் இன்னொரு ரகம். நுண்ணுயிர்கள் அந்த அமிலத்தைத் தின்று தீர்த்ததும் பி.எச். பழைய இடத்துக்கே வரும், குழாயில் வழவழப்பு சேர்வதுதான் மிச்சம்.

அறிக்கையில் பைகார்பனேட், கால்சியம், மக்னீசியம், சோடியம், குளோரைடு கட்டாயம் கேளுங்கள். சோடியத்தைத் தக்காளி மிகக் கொஞ்சமாகத்தான் எடுக்கும். சுழற்சித் தொட்டியில் மீதியெல்லாம் ஏறிக்கொண்டே போகும், ஈ.சி. மீட்டர் அதையும் உரமாகவே எண்ணும். அது அதிகமென்றால் தொட்டியை அடிக்கடி வடிக்க வேண்டும், இல்லையென்றால் மழைநீரோ ஆர்.ஓ. நீரோ கலக்க வேண்டும்.

உதாரணத்துக்கு, பைகார்பனேட் லிட்டருக்கு 300 மில்லிகிராம் என்று வந்தால், 60 விட்டுவைத்து மீதியை முறிக்க 1000 லிட்டருக்கு 60 சதவீத நைட்ரிக் அமிலம் சுமார் 300 மில்லி ஆகும். இதையே பாஸ்பாரிக் கொண்டு செய்தால் பாஸ்பரஸ் லிட்டருக்கு 120 மில்லிகிராமைத் தொடும், தக்காளிக்கு 50 இருந்தாலே போதும். அமிலத்தை உரம் கலப்பதற்கு முன்பே தண்ணீரில் விடுங்கள். அமிலத்தைத்தான் தண்ணீரில் ஊற்ற வேண்டும், தண்ணீரை அமிலத்தில் அல்ல. கையுறை, கண்ணாடி இல்லாமல் பாட்டிலைத் திறக்காதீர்கள்.

அந்த நைட்ரிக் அமிலமே லிட்டருக்கு 55 மில்லிகிராம் நைட்ரஜன் தருகிறது. இப்படிப்பட்ட தண்ணீரில் கால்சியமும் பெரும்பாலும் கணிசமாகவே இருக்கும். இரண்டையும் கழித்துப் பார்த்தால், நீங்கள் கூட்டக் கேட்ட கால்சியம் நைட்ரேட்டைக் குறைக்க வேண்டிவரலாம். எவ்வளவு என்று அறிக்கையின் எண்களை அனுப்புங்கள், கணக்குப் போட்டுச் சொல்கிறேன்.