வேலூர் மாதிரி தண்ணீர்க் கஷ்டம் உள்ள ஊரில் குறைந்த செலவில் குழந்தைக்குத் துணி டயப்பர் கட்ட முடியுமா?

முடியும். ஐந்து மாதக் குழந்தை, டயப்பருக்கு மட்டும் மாதம் 2,500 ரூபாய் போகிறது, வாடகை வீடு, தண்ணீரும் அளவாகத்தான் வருகிறது என்று கேட்டிருக்கிறீர்கள். நாங்கள் இருப்பது சத்துவாச்சாரியில், ஏறக்குறைய இதே நிலைமை. மகளுக்குத் துணிதான் கட்டுகிறோம். துவைப்பது நான். அதனால் துவைக்கிறவன் பக்கத்திலிருந்து சொல்கிறேன்.

ஆன்லைனில் தேடினால் பட்டன் வைத்து, பூப்போட்ட துணி டயப்பர் ஒன்று 400, 500 ரூபாய் என்று வரும். அதில் இருபது வாங்கினால் எட்டாயிரம், பத்தாயிரம். கையில் காசு இறுக்கமாக இருப்பதால்தானே துணிக்கே வருகிறோம்? அந்த செட் வேண்டாம். மேலே போடும் வாட்டர்ப்ரூஃப் கவர் மட்டும் நான்கு வாங்குங்கள். ஈரத்தை உறிஞ்சுகிற வேலையைச் செய்வது உள்ளே மடித்து வைக்கும் துணிதான். அது உங்கள் வீட்டு அலமாரியிலேயே இருக்கும்.

பழைய எட்டு முழ பருத்தி வேட்டி ஒன்றிலிருந்து 60 செ.மீ. சதுரமாகப் பத்துப் பன்னிரண்டு துண்டு கிழிக்கலாம். நைந்துபோன குடியாத்தம் கைலி இன்னும் நல்லது. அத்தனை வருஷம் துவைத்துத் துவைத்து மெத்தென்று ஆகியிருக்கும். ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டுப் பாருங்கள். உடனே உள்ளே இழுத்தால் பருத்தி. முத்து மாதிரி மேலேயே நின்றால் பாலியஸ்டர் கலந்தது, அதை ஒதுக்கிவிடுங்கள். புதுக் காடாத் துணி வாங்கினால் கஞ்சி போக நாலைந்து முறை அலசிய பிறகுதான் சரியாக உறிஞ்சும். மொத்தம் 25 துண்டு இருந்தால் நாளுக்கு ஒரு துவையல் போதும். நீளவாக்கில் பட்டையாக மடித்து வையுங்கள். பையன் என்றால் முன்பக்கம் ஒரு மடிப்பு கூட, பெண் என்றால் நடுவில்.

இனி தண்ணீர். வேலூரில் துணி டயப்பரைப் பாதியில் விடுகிறவர்கள் பெரும்பாலும் இங்கேதான் விடுகிறார்கள். பல தெருக்களில் போர் தண்ணீர் உப்பு. அதிலிருக்கும் கால்சியமும் மெக்னீசியமும் சோப்போடு சேர்ந்து வெள்ளைப் பிசுக்காகி நூலுக்குள் தங்கிவிடும். துணி காய்ந்ததும் அட்டை போல விறைக்கும், ஈரத்தை இழுக்காது, குழந்தையின் தொடை சிவக்கும். துணிதான் ஒத்துக்கொள்ளவில்லை என்று நினைத்து மறுபடி கடை டயப்பருக்குப் போய்விடுகிறார்கள். கட்டி சோப்பை விட்டு, சோப்புத்தூள் குறைவாகப் போட்டு, கூடவே ஒரு சின்ன ஸ்பூன் வாஷிங் சோடா சேருங்கள். துவையலும் முதல் அலசலும் போர் தண்ணீரில் இருக்கட்டும். கடைசி அலசல் மட்டும் குழாயில் வரும் காவிரித் தண்ணீரில். ஒரு வாளி போதும். அந்தக் கடைசி அலசல் தண்ணீரைக் கொட்டாமல் வைத்திருந்தால் மறுநாள் முதல் அலசலுக்கு ஆகும். வாசனைக்காக ஊற்றும் கம்ஃபர்ட் வகையறா வேண்டவே வேண்டாம், அது நூலின் மேல் படிந்து உறிஞ்சும் தன்மையைக் கெடுக்கும். டெட்டாலும் தேவையில்லை.

ஒன்றுக்குப் போன துணியை உடனே ஒரு மக் தண்ணீரில் பிழிந்து, மூடி போட்ட வாளியில் போட்டுவிட வேண்டும். இரண்டுக்குப் போனதைப் பச்சைத் தண்ணீரில் அலசுங்கள். சுடுதண்ணீர் முதலிலேயே பட்டால் கறை பிடித்துக்கொள்ளும். நாள்கணக்கில் ஊறப்போட்டால் நாற்றம்தான் மிஞ்சும்.

நம்மூர் வெயிலை எல்லோரும் திட்டுகிறோம், துணி டயப்பருக்கு அதைவிடப் பெரிய உதவி கிடையாது. தாய்ப்பால் குடிக்கிற குழந்தையின் மஞ்சள் கறை ஈரத்தோடு வெயிலில் விரித்தால் தானாக வெளுத்துவிடும். வெயில் நாளில் மத்தியானத்துக்குள் எல்லாம் காய்ந்துவிடும். பொழுது சாய்ந்தபின் குழந்தைத் துணி வெளியே கிடக்கக் கூடாது என்று எங்கள் ஆயா சொல்லும். பனியும் பூச்சியும் படாமல் இருக்க அது சரியான பழக்கம்தான். கவரை மட்டும் நிழலில் காயப்போடுங்கள், கொதிக்க வைக்காதீர்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் இன்னும் பத்துத் துண்டு தேவைப்படும். ஃபேன் அடியில் கொடி கட்டி, மிச்ச ஈரத்துக்கு இஸ்திரி போடலாம்.

இரவுக்கு ஒரு கடை டயப்பர் போடுவதில் தப்பே இல்லை. வெளியூர் பஸ்ஸுக்கும் அப்படித்தான். நாளுக்கு ஒன்றிரண்டு என்றால் மாதம் 300 முதல் 600 ரூபாய்க்குள் முடியும். தாயும் பிள்ளையும் தூங்குவது அதைவிட முக்கியம். பகலில் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை தொட்டுப் பார்த்து மாற்றுங்கள். வெயில் காலத்தில் வீட்டில் இருக்கும்போது ரப்பர் ஷீட் மேல் துணி விரித்து, கவர் இல்லாமல் காற்றாட விடுங்கள். பவுடர் வேண்டாம், மூச்சில் போகும். சிவப்பு இரண்டு மூன்று நாளில் அடங்காவிட்டாலோ, சுற்றிலும் புள்ளி புள்ளியாகக் கிளம்பினாலோ அது பூஞ்சையாக இருக்கலாம், டாக்டரிடம் காட்டுங்கள்.

மிச்சமாகும் பணம் யாருடைய உழைப்பில் மிச்சமாகிறது என்பதையும் வீட்டில் பேசிவிடுங்கள். பிள்ளை பெற்ற உடம்பு குத்துக்காலிட்டு தினம் இத்தனை துணி கசக்கக் கூடாது. அந்த வாளி அப்பாவுடையது. ஷிஃப்டுக்குக் கிளம்பும் முன் அரை மணி நேர வேலை. அதற்கு வீட்டில் ஆள் இல்லையென்றால் துணி, கடை டயப்பர் இரண்டையும் பாதிப் பாதியாக வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்த மாதம் கூழ், இட்லி ஆரம்பிப்பீர்கள், மலம் கெட்டியாகும். அப்போது மடித்த துணிக்கு மேல் பழைய வாயில் (voile) எனும் மெல்லிய பருத்திப் புடவைத் துண்டு ஒன்றை விரித்தால், அதை மட்டும் எடுத்துக் கக்கூஸில் உதறிவிட்டு அலசலாம்.