க்வில்ட் உடனே விற்றுவிடுகிறது, கையில் காசு நிற்கவில்லை: மெஷினுக்குக் கடன் வாங்கலாமா?

கேள்வி: வீட்டிலிருந்தே க்வில்ட் போர்வை தைத்து எட்சி என்ற இணையச் சந்தையில் விற்கிறேன். துணித்துண்டுகளை இணைப்பது மெஷினில், மேல்துணி, நடுப்பஞ்சு, அடித்துணி மூன்றையும் சேர்த்துப் போடும் தையல் முழுக்கக் கையால். கடையில் போட்ட இரண்டு மூன்று நாளிலேயே விற்றுப்போகிறது, ஆர்டரும் வரிசையில் நிற்கிறது. ஆனால் துணி, பஞ்சு, நூல், கூரியர் செலவு போக மாதக் கடைசியில் ஒன்றும் மிஞ்சுவதில்லை. கடன் வாங்கி, மூன்று அடுக்கையும் சேர்த்துத் தைக்கும் பெரிய லாங்ஆர்ம் மெஷின் ஒன்று போட்டால் நிறையத் தைக்கலாமே, வாங்கலாமா?

பதில்: இப்போதைக்கு வேண்டாம். கையால் தைத்த பெரிய க்வில்ட் போட்டதுமே விற்றுப்போகிறது என்றால் விலை குறைவாக இருக்கிறது என்றுதான் முதலில் சந்தேகப்பட வேண்டும். ஒன்றுக்கு ஒன்றும் மிஞ்சாத பொருளை மாதத்துக்கு நான்கு மடங்கு தைத்தாலும் மிஞ்சப்போவதில்லை, கூடவே தவணையும் வந்து உட்கார்ந்துகொள்ளும்.

உங்கள் கடிதத்தில் துணி, பஞ்சு, நூல், கூரியர் எல்லாம் இருக்கின்றன, நீங்கள் உழைத்த நேரம் மட்டும் எங்கேயும் இல்லை. அடுத்த க்வில்ட்டை ஆரம்பிக்கும்போதே பக்கத்தில் ஒரு நோட்டு வையுங்கள். வெட்டியது, இஸ்திரி போட்டது, இணைத்தது, கையால் தைத்தது, ஓரம் மடித்தது, அப்புறம் போட்டோ எடுத்தது, வாங்குபவர் கேள்விக்குப் பதில் எழுதியது, பார்சல் கட்டியது வரை மணிக்கணக்கை எழுதுங்கள். கைத்தையல் க்வில்ட் நூறு மணி நேரத்தைத் தாண்டுவது சாதாரணம். பொருள் செலவு எல்லாம் போக மிஞ்சுவதை அந்த மணிகளால் வகுத்துப் பாருங்கள். வேறொருவர் உங்களிடம் வேலைக்கு வந்தால் அந்தக் கூலிக்குத் தைப்பாரா? தைக்க மாட்டார் என்றால் நீங்களும் அந்த விலைக்கு விற்காதீர்கள்.

கட்டணத்தில் பலரும் ஒரு இடத்தில் சறுக்குகிறார்கள். எட்சி 6.5 சதவீதம் எடுக்கிறது, அது பொருள் விலைக்கு மட்டுமல்ல, வாங்குபவரிடம் நீங்கள் வசூலிக்கும் கூரியர் செலவுக்கும் சேர்த்து. பணம் வாங்கித் தரும் கட்டணம் தனி. வெளித் தளங்களில் அவர்கள் போடும் விளம்பரம் வழியாக விற்றால் இன்னும் 15 சதவீதம் போகும். சிறிய கடைகள் இந்த விளம்பரத்தை வேண்டாம் என்று நிறுத்திவைக்கலாம், 365 நாளில் விற்பனை 10,000 டாலரைத் தாண்டிவிட்டால் நிறுத்த முடியாது, விகிதம் 12 சதவீதம் ஆகும். சரி, எல்லாம் சேர்ந்து 25 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம், பொருளும் கூலியும் 90. நிறையப் பேர் 90-க்கு மேல் 25 சதவீதம் ஏற்றி 112.50 என்று விலை போடுகிறார்கள். ஆனால் கட்டணம் பிடிப்பது விற்கும் விலையில், அடக்க விலையில் இல்லை. 90-ஐ 0.75-ஆல் வகுங்கள், 120 வரும். 112.50-க்கு விற்றால் கட்டணம் போக சுமார் 84.40-தான் கைக்கு வரும், குறையும் 5.60 ஒவ்வொரு முறையும் உங்கள் கூலியிலிருந்துதான் போகிறது.

கூரியரிலும் பணம் கசியும். பல கூரியர்கள் நீளம், அகலம், உயரத்தை சென்டிமீட்டரில் பெருக்கி 5000-ஆல் வகுத்து வரும் எடைக்குக் கட்டணம் போடுகிறார்கள். 60, 50, 20 அளவுப் பெட்டி என்றால் உள்ளே இருப்பது மூன்று கிலோ க்வில்ட்டாக இருந்தாலும் 12 கிலோவுக்குக் கட்டுகிறீர்கள். காற்றை உறிஞ்சும் பையில் அழுத்தி 45, 35, 12 பெட்டிக்குள் அடக்கினால் நான்கு கிலோவுக்கும் கீழே வந்துவிடும்.

மெஷின் பற்றி இன்னொன்று. உங்களிடம் வாங்குபவர்கள் கைத்தையலுக்காகத்தான் வருகிறார்கள் என்று நினைக்கிறேன். லாங்ஆர்ம் வந்தால் அது வேறு பொருள், வேறு விலை, கடையில் 'கைத்தையல்' என்று எழுதவும் கூடாது. அந்தச் சந்தை எப்படி என்று பார்க்க ஆசையிருந்தால், மெஷின் வைத்திருப்பவரிடம் கூலி கொடுத்து இரண்டு க்வில்ட் தைத்து வாங்கி விற்றுப் பாருங்கள், கடனே தேவையில்லை.

காத்திருக்கும் ஆர்டர்களுக்குப் பேசிய விலையை மாற்றாதீர்கள். புதிதாக வருபவர்களுக்குப் புது விலை, துணி வாங்கும் முன் பாதிப் பணம் முன்பணம். விற்பனைப் பணத்துக்குத் தனி வங்கிக் கணக்கு, அதிலிருந்து உங்கள் கூலியை மாதம் ஒருமுறை மட்டும் எடுங்கள். விலை ஏறியதும் விற்க மூன்று வாரம் ஆனால் பதறிப்போய்க் குறைக்காதீர்கள், இந்த உழைப்புக்கு அது நியாயமான காத்திருப்புதான். ஆறு மாதம் கூலியும் எடுத்து, ஒரு தவணை அளவு பணமும் மாதாமாதம் அந்தக் கணக்கில் மிஞ்சினால், அப்போது கடனைப் பற்றிப் பேசுவோம்.