வாசகர் கேள்வி, எங்கள் பதில்: பிடிக்காத பாட்டை மதிப்பது பொய்யா?

கேள்வி: முப்பது ஆண்டுகளாக மார்கழிக் கச்சேரிகளைத் தவறவிடாதவன் நான். என் மகனோ நாள் முழுவதும் கானாவும் ராப்பும் கேட்கிறான். "எல்லாம் இசைதானே அப்பா, மதிக்கப் பழகுங்கள்" என்கிறான். காதுக்குப் பிடிக்காததை மதிப்பதாகச் சொல்வது பொய் ஆகாதா?
(ஒரு வாசகர், கும்பகோணம்)

பதில்: பிடிப்பது வேறு, மதிப்பது வேறு என்பதால் பொய் ஆகாது. ராப் உங்களுக்குப் பிடித்தே தீர வேண்டும் என்று உங்கள் மகன்கூடக் கட்டாயப்படுத்த முடியாது. ஆனால் அது இசையே அன்று என்று தீர்ப்புச் சொல்லும் முன், அந்த இசை எதில் தன் திறமையைக் காட்டுகிறதோ அதை அங்கே தேடிப் பார்த்தீர்களா என்று கேட்பேன். ஸ்வரத்தை அசைத்துப் பாடும் கமகத்துக்குப் பழகிய செவியோடு மேற்கத்திய சிம்பொனியைக் கேட்கும் நம்மில் பலர், ஸ்வரங்கள் அசையாமல் மொட்டையாக நிற்கின்றன என்று சலித்துக்கொள்கிறோம். அங்கே சுவை ஒரு ஸ்வரத்தின் அசைவில் இல்லை. ஒரே நேரத்தில் ஒலிக்கும் பல ஸ்வரங்கள் ஒன்றோடொன்று கொள்ளும் உறவில் இருக்கிறது.

அதுபோலவே, ராப்பில் ராகத்தைத் தேடுபவர் ஏமாந்துதான் போவார். எதுகையும் இயைபும் தாளத்தின் எந்த இடத்தில் வந்து விழுகின்றன, தாளத்தின் ஓர் அட்சரத்துக்குள், அதாவது ஓர் எண்ணிக்கைக்குள், எத்தனை அசைகள் அடங்குகின்றன, பாடுபவர் எங்கே மூச்சு வாங்குகிறார் என்பவற்றைக் கவனித்தால்தான் அதன் நுட்பம் பிடிபடும். சுவாமிமலைக்குப் பக்கத்திலேயே இருக்கும் நீங்கள் அருணகிரிநாதரின் சந்தங்களை வாய்விட்டுச் சொல்லிப் பார்த்திருப்பீர்கள்; நாக்கு புரளும் அந்த இன்பத்தை அறிந்தவருக்கு இது முற்றிலும் அந்நியமான கலையாக இருக்க முடியாது.

கானாவுக்கும் இதுவே பொருந்தும். வடசென்னையில் சாவு வீட்டின் முன் இரவெல்லாம் அமர்ந்து, இறந்தவரின் பெயரையும் தொழிலையும் உறவுகளையும் அந்த இடத்திலேயே பாட்டில் கோத்துப் பாடும் மரண கானா என்ற வழக்கம் உண்டு. அவ்வப்போது கற்பனையில் எழுவதைப் பாடும் மனோதர்மம் என்ற சொல்லைக் கச்சேரி மேடைக்கு மட்டுமே உரியதாக வைத்துக்கொள்வது எனக்கு நியாயமாகப் படவில்லை. பறையின் தோலை நெருப்பில் காய்ச்சிப் பதம் பார்ப்பவரின் செவியை, மிருதங்கத்துக்குச் சுருதி சேர்ப்பவரின் செவியைவிடத் தாழ்வாக எடைபோடும் பழக்கமும் இசையறிவால் வந்ததன்று. அது சாதியால் வந்தது.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். தாள வாத்தியங்கள் மட்டும் ஒலிக்கும் தனி ஆவர்த்தனம் தொடங்கியதும் சபா கேன்டீனை நோக்கி நடப்பவர்களும், கல்யாண வீட்டில் நாதஸ்வரக்காரர் தோடி ராகத்தை விரித்து வாசிக்கும்போது அவருக்கு முன்னாலேயே நின்று நிலவிலை பேசுபவர்களும் கானா ரசிகர்கள் அல்லர்.

கேள்வி: கலப்பிசை என்ற பெயரில் கர்நாடக இசையின் தூய்மை கெடுவதை நீங்கள் எதிர்க்க வேண்டாமா?
(ஒரு வாசகி, மதுரை)

பதில்: எந்த ஆண்டில் இருந்த தூய்மையைச் சொல்கிறீர்கள் என்று தெரிந்தால் எதிர்ப்பது எளிது. இன்று பாடகருக்குப் பக்கத்துணையாக இருக்கும் வயலின் ஐரோப்பியருடையது. முத்துசுவாமி தீட்சிதரின் தம்பி பாலுசுவாமி தீட்சிதர் அதைக் கற்று நம் இசைக்குக் கொண்டுவந்தார். நம்மவர்கள் தரையில் அமர்ந்து, அதன் சுருள் முனையைக் காலின்மேல் ஊன்றி, தந்திகளை ஸ ப ஸ ப என்று மாற்றிச் சுருதி கூட்டிக்கொண்டார்கள். முத்துசுவாமி தீட்சிதரும் ஆங்கிலேயரின் மெட்டுகளைக் கேட்டு, அவற்றுக்குச் சங்கராபரண ராகத்தில் சமஸ்கிருதப் பாடல் வரிகள் எழுதினார். நொட்டுஸ்வரம் எனப்படும் அவற்றில் 'சந்ததம் பாஹிமாம்' பிரிட்டிஷ் அரசரை வாழ்த்தும் கீதத்தின் மெட்டிலேயே அமைந்தது. தீட்சிதரைத் தூய்மை கெடுத்தவர் என்று நீங்கள் சொல்லமாட்டீர்கள்.

ஆனால் எல்லாக் கலப்பும் ஒட்டிவிடுவதில்லை. ஆர்மோனியத்தால் ஒரு ஸ்வரக் கட்டையிலிருந்து அடுத்ததற்கு வழுக்கிச் செல்ல இயலாது. கமகத்துக்கு அது உதவாது என்ற குறை உண்மையானதே. அகில இந்திய வானொலி 1940இல் அதற்குத் தடை விதித்து, சுமார் முப்பது ஆண்டுகள் விலக்கியே வைத்திருந்தது. அந்த ஆண்டுகளிலும் நம் நாடக மேடைகளில் ஆர்மோனியக்காரரின் இடம் அப்படியே இருந்தது. நடிகர்களுக்குச் சுருதி கொடுத்ததும், அவர்களோடு சேர்ந்து பின்பாட்டுப் பாடியதும் அவர்தான்.