அறிவு வரைபடம் ஊடுருவலை எப்படிக் காட்டிக்கொடுக்கிறது?

"நிகழ்வுப் பதிவுகளைத் திரட்டும் மென்பொருள் எங்களிடம் இருக்கிறது, அறிவு வரைபடம் கூடுதலாக என்ன செய்துவிடும்?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

பதிவு நடந்ததை வரிவரியாகச் சொல்லும். வரைபடம் உறவைச் சொல்லும். பயனர், கணினி, கோப்பு, ஐபி முகவரி (வலையமைப்பில் கணினியைச் சுட்டும் எண்) ஒவ்வொன்றும் ஒரு கணு, அதாவது ஒரு புள்ளி. 'உள்நுழைந்தார்', 'நிர்வாகி உரிமை பெற்றவர்' போன்றவை கணுக்களை இணைக்கும் கோடுகள்.

2013இல் அமெரிக்காவின் டார்கெட் அங்காடிகளில் சுமார் 4 கோடி அட்டைகளின் விவரங்கள் திருடுபோயின. குளிர்பதன வேலை செய்த ஒப்பந்த நிறுவனத்தின் கடவுச்சொல்லோடு நுழைந்தவர்கள், கல்லாவில் அட்டை தேய்க்கும் கருவிகள் வரை போய்விட்டார்கள். எச்சரிக்கைகள் வந்தன, யாரும் உடனே செயல்படவில்லை. எனக்கு இன்றும் வருத்தம் தரும் பகுதி இதுதான். தனியாக வரும் எச்சரிக்கை நூற்றில் ஒன்றாகக் கரைந்துவிடும். அதே எச்சரிக்கை, வெளியாள் கணக்கிலிருந்து கல்லாவரை நீளும் பாதையின் மேல் விழுந்தால் அலட்சியப்படுத்த முடியாது. அப்படியொரு பாதை இருப்பதையே முன்கூட்டிக் கண்டு அடைத்திருக்கலாம்.

2016இல் வெளியான பிளட்ஹவுண்ட் என்ற மென்பொருள் இதைத்தான் செய்கிறது: நிறுவனத்தின் கணக்குகளையும் உரிமைகளையும் நிர்வகிக்கும் மைக்ரோசாஃப்டின் ஆக்டிவ் டைரக்டரியில் சாதாரணக் கணக்கு ஒன்று எந்தெந்த உரிமைகள் வழியாகத் தலைமை நிர்வாகி நிலையை எட்டலாம் என்று காட்டும். முதலில் அதை ஓட்டிப் பாருங்கள்.

கடினமான வேலை தரவைச் சீர்செய்வதுதான். ஒரே ஊழியர் மூன்று பெயர்களில் பதிவாகியிருப்பார். ஐபி முகவரி இன்று ஒரு கணினிக்கு, நாளை வேறொன்றுக்கு. ஆகவே ஒவ்வொரு கோட்டிலும் நேரத்தைக் குறியுங்கள். இல்லாவிட்டால் வரைபடம் குற்றமற்றவரைக் கைகாட்டும்.