காப்பி பூத்தால் போன் வரட்டும்

கேள்வி: என் அம்மாவுக்கு 78 வயது. கல்யாணத்துக்கு முன்பு ஏற்காட்டில் காப்பிப் பழம் பறித்தவர். காப்பி பூத்திருப்பதை இன்னொரு தடவை பார்க்க வேண்டும் என்று வருஷா வருஷம் கேட்கிறார். மகள் பரீட்சை, வீடு கட்டும் வேலை என்று தள்ளிப்போகிறது. இப்போது மூட்டுவலி, இதயத்துக்கும் மாத்திரை. வைகாசியில் கிரகப்பிரவேசம் முடிந்ததும் கூட்டிப்போக நினைக்கிறேன். "பழசைப் பார்த்தால் அழுவார், வேண்டாம்" என்கிறார் அண்ணன். என்ன செய்யட்டும்?
- ஒரு வாசகர், அம்மாப்பேட்டை, சேலம்

பதில்: வைகாசி வேண்டாம் தம்பி. அப்போது செடியில் பிஞ்சுதான் இருக்கும். மாசிக் கடைசியிலோ பங்குனியிலோ கோடை மழை ஒன்று நன்றாக நனைத்துவிட்டுப் போனால், எட்டுப் பத்து நாளில் காப்பி பூக்கும். கிளை தெரியாமல் வெள்ளை, மல்லிகை மாதிரி வாசம். நான் அந்தத் தோட்டங்களுக்கு நடுவே வளர்ந்தவள். பூத்த அன்று பள்ளிக்கூடம் போகிற வழியெல்லாம் தேனீ இரைச்சல்தான் கேட்கும். இரண்டு மூன்று நாளில் பூ பழுப்பேறிக் கொட்டிவிடும். நம் லீவைப் பார்த்தா அந்த மழை பெய்கிறது?

அதனால் ஏற்காட்டில் தெரிந்த கடைக்காரரிடமோ டிரைவரிடமோ இப்போதே சொல்லிவையுங்கள்: மழை பெய்ததும் ஒரு போன், பூத்ததும் ஒரு போன். முதல் போன் வந்ததுமே ஆபீசில் சொல்லிவிடுங்கள். டாக்டரிடம் இந்த வாரமே கேட்டுவிடுங்கள். சனி, ஞாயிறு வேண்டாம். 20 கொண்டை ஊசி வளைவிலும் வண்டிகள் ஊர்ந்துகொண்டிருக்கும். விடியற்காலையில் கிளம்புங்கள். அம்மா இரண்டு இட்லியாவது சாப்பிட்டுவிட்டு ஏறட்டும், வெறும் வயிறு என்றால் தலைசுற்றும். அவர் நடக்கவே வேண்டாம். நாகலூர் பக்கம் ரோட்டோரமே தோட்டம்தான், கார் கதவைத் திறந்துவைத்தால் போதும்.

அண்ணன் சொல்வதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். அம்மா அழுதால் அழட்டுமே. தோட்டத் தொழிலாளர்கள் வரிசையாகக் குடியிருந்த லைன் வீடு இடிந்திருக்கலாம், கூடப் பறித்தவர்களில் பலர் இன்று இல்லாமல் இருக்கலாம். அதெல்லாம் அவருக்குத் தெரியாதா? வருஷா வருஷம் பூத்ததும் கொட்டுவதைப் பார்த்தே வளர்ந்தவர் அவர். தெரிந்துதானே கேட்கிறார். அந்த அழுகையிலிருந்து அவரைக் காப்பாற்றுகிறேன் என்று அவர் ஆசையையே மறுப்பது சரியில்லை.

மழை இந்த வருஷம் ஏமாற்றினால்? அப்போதும் சித்திரை பிறப்பதற்குள் ஒரு நடை போய்வந்துவிடுங்கள். பூ இல்லாவிட்டாலும் செடி இருக்கும். எந்தச் சரிவில் பறித்தார், வேலை வாங்கிய மேஸ்திரி யார் என்று நீங்கள் கேட்க அவர் சொல்லட்டும். பெயின்ட் வேலை ஒரு வாரம் பொறுக்கும்.

அண்ணனையும் கூப்பிடுங்கள். வந்தால் அவர் பின் சீட்டில் உட்காரட்டும். வராவிட்டால் நீங்கள் அம்மாவைக் கூட்டிக்கொண்டு கிளம்புங்கள்.