நாய் புல் தின்றால் வயிற்றுக் கோளாறா?

கேள்வி: எங்கள் நாய்க்கு மூன்று வயது. நன்றாகச் சாப்பிடுகிறது, விளையாடுகிறது. ஆனால் வெளியே கூட்டிப்போனால் புல்லைக் கண்ட இடத்தில் நின்று மேய ஆரம்பித்துவிடுகிறது. சில நாள் காலையில் மஞ்சளாக வாந்தி எடுக்கிறது. தடுக்க வேண்டுமா?

பதில்: பசியும் சுறுசுறுப்பும் குறையாத நாய் புல் தின்பதை நான் நோயாகப் பார்ப்பதில்லை. வயிறு சரியில்லாமல்தான் புல்லைத் தேடிப்போகிறது, வாந்தியெடுத்துச் சரிசெய்துகொள்கிறது என்று பலரும் நம்புகிறார்கள். ஆனால் அமெரிக்காவில் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாகக் கால்நடை மருத்துவர்கள் 1,500-க்கும் மேற்பட்ட நாய் வளர்ப்பவர்களிடம் கேட்டு, 2008-இல் முடிவுகளை வெளியிட்டார்கள். புல் தின்பதற்கு முன் உடம்பு சரியில்லாமல் தெரிந்த நாய்கள் பத்தில் ஒன்றுகூட இல்லை. தின்றபின் வழக்கமாக வாந்தியெடுத்தவை நான்கில் ஒன்றுக்கும் குறைவு. ஓநாய்களின் மலத்திலும் புல் கிடக்கும். பரம்பரையாக வந்த பழக்கம் என்றே சொல்லலாம்.

அந்த மஞ்சள் வாந்திதான் என்னை யோசிக்க வைக்கிறது. இரவெல்லாம் வயிறு காலியாக இருக்கும்போது பித்தநீர் இரைப்பைக்குள் ஏறி உறுத்தும். விடியற்காலையில் மஞ்சள் நுரையாக வருவது பெரும்பாலும் அதுதான். ராத்திரி உணவில் ஒரு பங்கை எடுத்துவைத்து, படுக்கப்போகும் நேரத்தில் கொடுத்துப் பாருங்கள். பல நாய்களுக்கு இதிலேயே நின்றுவிடும். நிற்காவிட்டால் மருத்துவரிடம் காட்டிவிடுங்கள்.

புல்லைவிட, புல்லின் மேல் இருப்பதற்குத்தான் நான் அதிகம் பயப்படுகிறேன். களைக்கொல்லி, பூச்சிமருந்து, நத்தைக்கு வைக்கும் மருந்து, மற்ற நாய்களின் மலத்திலிருந்து வரும் புழு முட்டை. நத்தை மருந்தைத் தின்ற நாய்க்கு வலிப்பு வரும், உயிரே போகலாம். மருந்து அடித்த இடமா என்று தெரியாவிட்டால் அங்கே மேய விடாதீர்கள். அதட்டவோ வாயிலிருந்து பிடுங்கவோ வேண்டாம். பெயர் சொல்லிக் கூப்பிட்டு, பிடித்த தின்பண்டம் ஒன்றைக் கொடுத்து நகர்த்திக்கொண்டு போங்கள். நாய்க்குக் குடற்புழு மருந்து கொடுத்து நாளாகிவிட்டதா என்றும் பாருங்கள்.

எப்படித் தின்கிறது என்பதையும் கவனியுங்கள். நுனியாகப் பார்த்துக் கடித்து, மென்று தின்றால் கவலையில்லை. திடீரென ஒருநாள் வெறிபிடித்ததுபோல் வேரோடு பிடுங்கி விழுங்கினால், உதட்டை நக்கிக்கொண்டே இருந்தால், குமட்டல் இருக்கிறது என்று அர்த்தம். வாந்தி திரும்பத் திரும்ப வந்தாலோ, ரத்தம் கலந்திருந்தாலோ, சாப்பாட்டை ஒதுக்கினாலோ, சுருண்டு படுத்துவிட்டாலோ அன்றைக்கே மருத்துவரிடம் கூட்டிப்போங்கள். வயிறு உப்பி, ஓங்கரித்தும் ஒன்றும் வெளியே வராமல் தவித்தால் ஒரு நிமிடம்கூடக் காத்திருக்கக் கூடாது. இரைப்பை முறுக்கிக்கொண்டிருக்கலாம், நெஞ்சுக்கூடு ஆழமான பெரிய ஜாதி நாய்களுக்கு இந்த ஆபத்து அதிகம்.

இன்னொன்று. ஆசனவாயில் புல் நீளமாகத் தொங்கினால் பலமாக இழுக்காதீர்கள், உள்ளே குடல் கிழியக்கூடும். உப்புத் தண்ணீர் கொடுத்து வாந்தியெடுக்க வைப்பதும், நமக்கு வாங்கிய பாராசிட்டமால், இப்யூபுரூஃபன் மாத்திரைகளைக் கொடுப்பதும் அறவே கூடாது.